ஒரு டிரா போதும்

தம்பி, உங்க போன்ல ஓடுறது ஃபுட்பால்தானே? சத்தம் வைக்க வேணாம், படம் தெரிஞ்சா போதும். கொஞ்சம் இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க. வெளிநாட்டு மேட்சா? சரி சரி. பாருங்க, கோடு எவ்வளவு சுத்தமா போட்டிருக்கான்னு. எல்லாரும் பந்தைப் பாப்பாங்க, நான் கோட்டைத்தான் பாப்பேன். அது என் பிழைப்பு. பத்தொம்பது வருஷமா நான் மார்க்கர்.

மார்க்கர்னா தெரியாதுல்ல. காலேஜ்ல மூணு வருஷம் படிச்சவனுக்கே தெரியாது. பி.டி. சார்னா தெரியும், அவர் விளையாட்டு வாத்தியாரு, கழுத்துல விசில் தொங்கும். நாங்க அவருக்குக் கீழ. கிரவுண்டுல கோடு போடுறது, கோல் போஸ்ட்டுல நெட்டு கட்டுறது, பந்துக்குக் காத்தடிக்கிறது, மழை பேஞ்சா தண்ணி வடிக்கிறது எல்லாம் நாங்கதான். நாங்க இல்லைன்னா மேட்ச்சே இல்ல. ஆனா மேட்ச் முடிஞ்சு போட்டோ எடுக்கும்போது பாருங்க, சமோசா கொண்டு வந்தவன்கூட நிப்பான், மார்க்கர் நிக்க மாட்டான். அது வேற விஷயம்.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? தர்மபுரியா. நான் ஓசூர். என் பையன் அங்க இருக்கான், ரெஜிஸ். ஒரு கம்பெனி குடோன்ல பொட்டி அடுக்குற வேலை. மூணு மாசம் ஆச்சு. அவனைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். திங்கக்கிழமை காலையில மெட்ராஸ்ல அவனுக்கு ஒரு செலக்‌ஷன் இருக்கு. ஒரு கம்பெனி டீமு. தேறிட்டா விளையாடவும் செய்யலாம், மாசச் சம்பளத்துக்கு நிரந்தர வேலையும் குடுத்துருவாங்க. இன்னைக்கு சனிக்கிழமை. நாளைக்கு சாயங்காலம் அவன் பஸ் ஏறணும். வருவானா மாட்டானாங்கிறதுதான் இப்ப கேள்வி.

ஏன் வரமாட்டான்னு கேக்குறீங்களா? அது ஒரு பெரிய கதை. சேலமே இன்னும் வரல, சொல்றேன்.

எங்க காலேஜ் திண்டுக்கல் பக்கம், வத்தலக்குண்டு ரோட்டுல. பேரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. மொத்தமே முந்நூத்தம்பது பேரு படிக்கிற காலேஜ். ஆனா கிரவுண்டு மட்டும் பெருசு. எழுபத்தஞ்சு கஜ அகலம். கிழக்குப் பக்கம் மோட்டார் ரூமு இருக்கும், மேற்குப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு. மோட்டார் ரூம் சுவத்துல இருந்து நாலு எட்டு வச்சா அங்க கோடு. சைக்கிள் ஸ்டாண்டு தூணுல இருந்து ஆறு எட்டு வச்சா இந்தக் கோடு. பத்தொம்பது வருஷமா ஒரே இடத்துல சுண்ணாம்பு போட்டுப் போட்டு, அந்த இடத்துல புல்லே முளைக்காது. மொட்டையா ஒரு தடம் ஓடும். நான் போடாமலே விட்டாலும் கோடு தெரியும்.

ரெஜிஸ் அந்த கிரவுண்டுல வளந்த பய. லெஃப்ட் விங்கு. ஓரமா ஓடுறவன். அவனுக்கு ஓட்டம் சொல்லிக்குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? பி.டி. சாரா? அவர் நேத்து வந்தவர். நான்தான். விங்குல ஓடுற பசங்க எல்லாம் ஒரே தப்புதான் பண்ணுவாங்க. கோட்டைத் தாண்டிருவோமோன்னு கீழயே பாத்துட்டு ஓடுவாங்க. அதுக்குள்ள நடுவுல நிக்கிறவன் இடம் மாறியிருப்பான், பந்து எங்கயோ போகும். நான் ரெஜிஸ்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுவேன். கீழ பாக்காதடா. மோட்டார் ரூமைக் கண்ணோரத்துல வச்சுக்கோ, நிமிந்து ஓடு. கோடு எங்கயும் போயிராது, அது உங்கப்பன் போட்ட கோடு. இதைச் சொல்லிச் சொல்லியே வளத்தேன். காலேஜ் சேர்றதுக்குள்ள அவன் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓரத்துல ஓடுவான். கோட்டுல இருந்து ஒரு சாண் உள்ள, பந்து கால்லயே ஒட்டிக்கிட்டுப் போகும். அவங்கம்மா செலின் மேட்ச் பாக்க வந்தா, பயத்துல முந்தானையால முகத்தை மூடிக்குவா. எனக்குப் பயமே இருந்ததில்ல.

இந்த வருஷம் ஆகஸ்டுல ஜோன் மேட்ச் ஆரம்பிச்சுச்சு. எங்க ஜோன்ல அஞ்சு காலேஜு. ஒவ்வொருத்தரோடயும் ஒரு மேட்ச், ஆக நாலு மேட்ச். ஜெயிச்சா மூணு பாயிண்ட், டிரா பண்ணா ஒண்ணு. முதல் ரெண்டு இடத்துல வர்றவங்க அடுத்த கட்டத்துக்குப் போவாங்க. அங்க போனாத்தான் பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்க, அங்கதான் பசங்களுக்கு வழி பிறக்கும். எங்க காலேஜ் அதுக்குப் போனதே இல்ல. பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல.

இந்த வருஷம் முதல் மேட்சு எதிர் டீம் கிரவுண்டுல, ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சோம். ரெண்டாவது மேட்சு மூணுக்கு ஜீரோ. மூணுல ரெண்டு கோல் ரெஜிஸ் குடுத்த பந்து. நீங்க அன்னைக்கு எங்க கேன்டீனைப் பாத்திருக்கணும். பிரின்சிபாலே வந்து டீ குடிச்சாரு. அதுவரைக்கும் என்னை ‘யோவ்’னு கூப்பிட்டவங்கல்லாம் ‘ரெஜிஸ் அப்பா’ன்னு கூப்பிட்டாங்க.

நான் அன்னைக்கே உக்காந்து போட்டுப் பாத்துட்டேன் தம்பி. ஆறு பாயிண்ட் கையில இருக்கு. மூணாவது மேட்ச் எங்க கிரவுண்டுல, பெரிய காலேஜோட. ஹாஸ்டல்ல வச்சு முட்டையும் பாலும் குடுத்து வளக்குற டீமு அது. ரெண்டு பக்கமும் குதிரை மாதிரி ஓடுற பசங்க. எங்க டிஃபென்ஸ் சுமார்தான். நாலாவது மேட்ச் ஜோன்லயே கடைசியில கிடக்குற டீமோட, அதைத் தூக்கத்துலயும் ஜெயிச்சுரலாம். அப்ப மூணாவது மேட்சுல தோக்காம இருந்தா ஆறும் ஒண்ணும் ஏழு, ஏழும் மூணும் பத்து. பத்து பாயிண்ட் எடுத்தவன் முதல் ரெண்டு இடத்துக்கு வெளிய போனதே கிடையாது. எனக்குத் தேவை ஒரு டிரா. ஒரு டிரா போதும்.

இதுல தப்பு இருக்கா? நீங்களே சொல்லுங்க.

மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் பி.டி. சார்கிட்டப் போனேன். கமலக்கண்ணன்னு பேரு. மன்னார்குடிக்காரர், முப்பத்திரெண்டு வயசு இருக்கும். நான் சொன்னேன், சார், நம்ம கிரவுண்டு அகலம், அவனுங்க ரெண்டு ஓரத்துலயும் ஓடியே நம்மளைக் கிழிச்சுருவானுங்க, ரெண்டு பக்கமும் நாலு நாலு கஜம் உள்ள இழுத்துப் போட்டுர்றேன், அறுபத்தேழு கஜம் வரும், ரூல்ல இடம் இருக்கு, யாரும் கேக்க முடியாது. இது எல்லா ஊருலயும் நடக்குறதுதான் தம்பி. ஒவ்வொரு மார்க்கரும் சொந்த டீமுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத்தான் கோடு போடுவான்.

சார் கிரவுண்டைத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம், “வேணாண்ணே, அளவை மாத்தாதீங்க. நம்ம பலமே ரெஜிஸ்தான். அவன் அகலத்துல ஓடுற பையன். அவனுக்கு இடம் வேணும்”னாரு.

எம்பையனைப் பத்தி எனக்கே சொல்றாரு.

சரி சார்னு வந்துட்டேன். பழைய தடத்துலயே கோட்டைப் போட்டுட்டு வீட்டுக்கும் போயிட்டேன். ஆனா மனசு கேக்கல. பத்தொம்பது வருஷம் வேடிக்கை பாத்தவன் நான். இவருக்கு இது மூணாவது வருஷம். தோத்தா இவருக்கென்ன, வேற காலேஜ் போயிருவாரு. எம்பையனுக்கு இதுதான் கடைசி வருஷம். விடிஞ்சும் விடியாம போனேன். போட்ட கோட்டை ஈரச் சாக்கால தேச்சு எடுத்தேன். மொட்டைத் தடம் தெரியக் கூடாதுன்னு அதுமேல செம்மண்ணும் வெட்டின புல்லும் தூவினேன். நாலு கஜம் உள்ள கயிறு கட்டிப் புதுசா போட்டேன். ஒரே ஆளா, ரெண்டு பக்கமும். சுண்ணாம்பு பட்டு உள்ளங்கை வெந்துபோச்சு. செலின்தான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டா. என்ன இப்படி அவசரம்னு கேட்டா. சொன்னேன். அவகிட்ட எதையும் மறைக்க முடியாது.

“பிள்ளைகிட்டச் சொன்னீங்களா?”ன்னா.

சொல்லல. எதுக்குச் சொல்லணும்? சொன்னா அவன் சார்கிட்டச் சொல்லுவான். சார் அழிக்கச் சொல்லுவாரு. மேட்ச் நேரத்துல அவனே பாத்துக்குவான்னு நினைச்சேன். வெள்ளையா பளிச்சுன்னு போட்டிருக்கேன்ல, கண்ணு இருக்குல்ல அவனுக்கு.

நாமக்கல் தாண்டிட்டோமா? சரி.

மேட்ச் மூணரைக்கு. பி.டி. சார் வேட்டி சட்டை போட்ட விருந்தாளி யாரையோ கூட்டிட்டு வந்து பிரின்சிபால் பக்கத்துல உக்கார வச்சுட்டு ஓடிக்கிட்டே இருந்தாரு. அகலத்தைக் கவனிக்கல. கவனிச்சிருந்தாலும் அந்நேரத்துக்கு என்ன பண்ண முடியும்?

முதல் நிமிஷத்துலயே ரெஜிஸுக்குப் பந்து வந்துச்சு. மோட்டார் ரூம் பக்கம். ஒருத்தனைத் தாண்டினான், இன்னொருத்தனைத் தாண்டினான், தலை நிமிந்து போறான். கொடி ஏறிருச்சு. லைன்ல நிக்கிற ஆளு கொடியைத் தூக்கிட்டாரு, பந்து வெளியன்னு. ரெஜிஸ் நின்னு அவரைப் பாத்தான், கீழ கோட்டைப் பாத்தான், ஒண்ணும் புரியாம திரும்பி ஓடினான். அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும். அதே இடம். மறுபடியும் கொடி. இடைவேளைக்குள்ள அஞ்சு தடவை தம்பி. அஞ்சு தடவையும் ஆளைத் தாண்டிட்டான், அஞ்சு தடவையும் பந்து கோட்டுக்கு வெளிய. பசங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டானுங்க. அந்த டீமு பசங்க இல்ல, நம்ம காலேஜ் பசங்களே. “லைன் தெரியலையாடா, கண்ணாடி போட்டுட்டு வா”ன்னு ஒருத்தன் கத்தினான்.

எனக்கு அவன்மேல கோவம்தான் வந்துச்சு. உண்மையைச் சொல்றேன். ரெண்டு தடவை போனா மூணாவது தடவை பாத்து ஓட வேணாமா? இவ்வளவு பெரிய கோடு போட்டிருக்கேன்.

ரெண்டாவது பாதியில அவன் பாத்து ஓட ஆரம்பிச்சான். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் பந்து வந்துச்சு. தலையைக் குனிஞ்சு கோட்டைப் பாத்துக்கிட்டே ஓடினான். எதிர டிஃபென்டர் வந்தது தெரியல. பந்தைச் சும்மா வந்து எடுத்துட்டுப் போயிட்டான். அப்புறம் பந்து வந்தாலே குனியுறான். என் பையன் கீழ பாத்து ஓடி நான் அன்னைக்குத்தான் பாத்தேன். செலின் அன்னைக்கு முகத்தை மூடல. கையை மடியில வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருந்தா.

முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது அந்த வேட்டிக்காரர் நோட்டை மூடிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பி.டி. சார் அவர் பின்னாலயே வாசல் கேட் வரைக்கும் போனாரு. கையைக் கட்டிக்கிட்டு என்னமோ சொல்லிட்டே போறாரு, அவர் தலையை ஆட்டிட்டே போறாரு. அவர் யாருன்னு எனக்கு அப்பத் தெரியாது. யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்குறவராம். ரெஜிஸுக்காகவே பி.டி. சார் நாலு தடவை போன் பண்ணி வரவழைச்சிருக்காரு. பையன் பதறிருவான்னு யார்கிட்டயும் சொல்லல, மேட்ச் முடிஞ்சதும்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பெத்த அப்பன் நான். ஆள் வர்றாருன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் சுருக்குறேன்? எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு ஒரு காரியத்தைப் பண்ணா இப்படித்தான் ஆகும். அதைத்தான் நான் அவர்மேல குறையா சொல்றேன்.

மேட்ச் டிரா. ஜீரோ ஜீரோ. நான் போட்ட கணக்கு அப்படியே பலிச்சுச்சு. விசில் ஊதினதும் நான் ஒருத்தன்தான் கை தட்டினேன்.

எல்லாரும் கலைஞ்சதுக்கப்புறம் ரெஜிஸ் மட்டும் கிரவுண்டுலயே நின்னான். மோட்டார் ரூம் சுவத்துல முதுகை ஒட்டி நின்னு எட்டு வச்சான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அங்க நின்னு பூட்ஸ் முனையால செம்மண்ணைக் கிளறினான். மொட்டைத் தடம் வெளிய வந்துச்சு. அதுல நின்னுக்கிட்டு, நாலு கஜம் தள்ளிக் கிடக்குற என் கோட்டைப் பாத்தான். நான் நெட்டைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். என்கிட்ட வந்தான்.

“யாருப்பா கோட்டை மாத்தினது?”ன்னான்.

அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு தம்பி. இருபது வயசுப் பய. நான் என்ன சொல்லுவேன்? வாயில வந்துருச்சு. “சார்தான்டா சுருக்கச் சொன்னாரு. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். எம்பையன் அகலத்துல ஓடுறவன், அவனுக்கு இடம் வேணும்னு சொன்னேன். கேக்கல”ன்னுட்டேன்.

சொல்லணும்னு நினைச்சுச் சொல்லல. வந்துருச்சு.

அவன் நேரா ஸ்டோர் ரூமுக்குப் போனான். பி.டி. சார் ஜெர்சி எண்ணிட்டு இருந்தாரு, டீம் பசங்க பாதிப் பேரு அங்கதான். நானும் பின்னால ஓடினேன், வாசல்லயே நின்னுட்டேன். ரெஜிஸ் கேட்டான், “எனக்குன்னு ஒரு நாள் வந்துச்சு சார். அன்னைக்குப் பாத்து ஏன் சார் கோட்டைச் சுருக்கச் சொன்னீங்க? எங்கப்பா வேணாம்னு சொன்னாராமே.”

பி.டி. சார் அவனைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. என் கையில சுண்ணாம்புப் புண்ணு, தேங்காயெண்ணெய் மினுமினுங்குது. நான் நெட்டை மடிக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

“ஆமாப்பா. ஒரு டிரா போதும்னு நினைச்சேன். என் தப்புதான்”னாரு.

நான் கேன்டீன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சது அது. அதே வார்த்தையைச் சொல்றாரு.

ஏன் சொன்னாரு? நீங்களே சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டேனா அவரை? வாயைத் திறந்து, நான் இல்லப்பா, உங்கப்பாதான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே ஒரு சண்டையோட முடிஞ்சிருக்கும். அவன் ரெண்டு நாள் என்கிட்டப் பேசாம இருப்பான், மூணாவது நாள் சோறு போட்டா சாப்பிடுவான். இவர் பெரிய மனுஷன் மாதிரி ஏத்துக்கிட்டாரு. ரெஜிஸ் ஜெர்சியைக் கழட்டி மேஜை மேல போட்டுட்டு வெளிய போனவன்தான். திரும்ப கிரவுண்டுக்கு வரல.

ஒரு வாரம் கழிச்சு அவர்கிட்ட நானே கேட்டேன். ஏன் சார் அப்படிச் சொன்னீங்கன்னு. நெட்டு ஓட்டையைத் தைச்சுட்டு இருந்தாரு. நிமிராமலே சொன்னாரு, “எம்மேல கோவம்னா அவன் வேற கோச்சைப் பாத்துக்குவாண்ணே. உங்கமேல கோவம்னா எங்க போவான்?” ஊசி நூல் வாங்கிட்டு வர்றேன் சார்னு வந்துட்டேன்.

நாலாவது மேட்ச் அந்தக் கடைசி டீமோட. எங்க லெஃப்ட் விங்குல ஒரு முதல் வருஷப் பையனை நிறுத்தினாங்க. ஒண்ணுக்கு ஜீரோ தோத்துட்டோம். ஏழு பாயிண்டோட நின்னு மூணாவது இடம். சீசன் ஆரம்பிச்சு மூணே வாரம். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு தம்பி. அந்தக் கடைசி டீமு ஜெயிக்கும்னு யாருக்குத் தெரியும்.

ரெஜிஸ் பரீட்சை எழுதல. கூட்டாளி ஒருத்தன் ஓசூர்ல இருக்கான்னு கிளம்பிட்டான். பூட்ஸை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டான்.

எங்கிட்ட நல்லாத்தான் பேசுறான். அதைச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். அம்மாகிட்டப் பேசிட்டு எங்கிட்டக் குடுக்கச் சொல்லுவான். கை புண்ணு ஆறிருச்சாப்பா, மழையில நிக்காதீங்கப்பாம்பான். வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்லுவான். “எனக்காக அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான்ப்பா பேசினீங்க.” ஒவ்வொரு தடவையும் தம்பி. அதைச் சொல்லாம போனை வச்சா என்ன அவனுக்கு? எனக்கு அதைக் கேட்டா அன்னைக்குச் சோறு இறங்காது. ஆனா ஞாயித்துக்கிழமை பத்து மணி ஆனா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு வாரம் சொல்லாம வச்சுட்டான். அந்த வாரம் பூரா எனக்கு என்னமோ போல இருந்துச்சு. தெரிஞ்சுபோச்சோன்னு.

ரெண்டு தடவை சொல்லிரணும்னுதான் நினைச்சேன். “ரெஜிசு, அன்னைக்கு ஒரு விஷயம்டா”ன்னு ஆரம்பிச்சேன். “என்னப்பா?”ன்னான். சாப்டியாடான்னு கேட்டேன்.

இப்ப முந்தாநாளு பி.டி. சார் வந்தாரு, வீட்டுக்கே. மெட்ராஸ்ல அவர் கூட விளையாடின ஒருத்தர் அந்தக் கம்பெனி டீமுக்குக் கோச்சாம். ரெஜிஸைப் பத்திச் சொல்லி, திங்கக்கிழமைக்கு ஒரு வாய்ப்பு வாங்கியிருக்காரு. ஆனா இவர் போன் பண்ணா ரெஜிஸ் எடுக்குறதில்ல. ஒரு தடவை எடுத்து, நீங்க காட்டுற இடத்துக்கு நான் செத்தாலும் வரமாட்டேன் சார்னு வச்சுட்டானாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாக்க முடியல.

“நான் சொன்னா வரமாட்டாண்ணே. நீங்க நேர்ல போங்க. நடந்தது என்னன்னு தெரிஞ்சா வந்துருவான். ஆனா அது உங்க இஷ்டம். நான் யார்கிட்டயும் சொல்லல, இனியும் சொல்ல மாட்டேன்”னாரு. டீகூடக் குடிக்காம போயிட்டாரு.

காலையில கிளம்பும்போது செலின் அவன் பூட்ஸை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைச்சு, பேப்பர்ல சுத்திப் பைக்குள்ள வச்சா. இதோ கால்கிட்ட இருக்கே, இந்தப் பைதான். “சொல்லிக் கூட்டிட்டு வாங்க”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. பஸ் ஏத்திவிட வரேன்னவ வரல.

நான் இப்பப் பழைய தடத்துலதான் கோடு போடுறேன் தம்பி. மோட்டார் ரூம்ல இருந்து நாலு எட்டு. எழுபத்தஞ்சு கஜம் முழுசா. அந்த ஓரத்துல ஓட ஆள்தான் இல்ல. எல்லாம் நடுவுலயே முட்டிக்கிட்டு நிக்குதுங்க. கோடு போட்டு முடிச்சு மோட்டார் ரூம் பக்கம் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன். அழுகையா வரும். வந்தா வரட்டும்னு விட்டுருவேன், பாக்கத்தான் யாரும் இல்லையே.

தொப்பூர் தாண்டிட்டோமா? அப்ப உங்க ஊர் பக்கம்தான்.

என்ன சொல்லப் போறேன்னு கேக்குறீங்களா? கரூர்ல இருந்தே அதைத்தான் யோசிச்சுட்டு வர்றேன். வழியிலயே முடிவு பண்ணிட்டேன். கேளுங்க, சரியா இருக்கான்னு சொல்லுங்க. போன உடனே எதுவும் பேச மாட்டேன். சாப்பிட வைப்பேன். பூட்ஸை எடுத்து முன்னால வைப்பேன். அப்புறம் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுவேன். ரெஜிசு, கமலக்கண்ணன் சார் பாவம்டா. சின்ன வயசு, அனுபவம் பத்தல. ஏதோ தெரியாத்தனமா அன்னைக்குக் கோட்டைச் சுருக்கச் சொல்லிட்டாரு. இப்ப வருத்தப்படுறாரு. உனக்காக மெட்ராஸ் வரைக்கும் பேசியிருக்காரு. பெரிய மனசு பண்ணி அவரை மன்னிச்சுருடா. அன்னைக்கு வேணாம்னு சொன்ன நானே மன்னிச்சுட்டேன், நீயும் மன்னிச்சுரு. அப்பா சொல்றேன்ல, கிளம்பு.

இப்படிச் சொன்னா வருவான்ல?

என்ன தம்பி, போனையே பாத்துட்டு இருக்கீங்க. வருவானா மாட்டானா, அதை மட்டும் சொல்லுங்க.

பாருங்க, தர்மபுரி வந்துருச்சு. உங்க போனைச் சட்டைப்பையில வைங்க, விழுந்துரப் போகுது. பாத்து இறங்குங்க. அந்தப் பையை மிதிச்சுராதீங்க, தாண்டிப் போங்க. உள்ள பூட்ஸ் இருக்கு.